சந்தனம் வைத்த மீட்டர்ப் பெட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்று அனல்மின் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். "படம் போட்டுக் காட்டுறதுக்கு ஏதும் இருந்தா முன்னாடியே அனுப்பிருங்க சார்" என்றும் சொன்னார்கள். என்னிடம் படம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்று வரும்போது நான் கொண்டுவந்தது ஒரு சுவர்க்கடிகாரமும், நண்பர்கள் வாங்கித் தந்த ஒரு பத்தமடைப் பாயும்தான். கடிகாரம் ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. பாயில் தினமும் மத்தியானம் படுத்துத் தூங்குகிறேன்.

ஆனால் சொல்வதற்கு ஒரு தப்பு இருக்கிறது. நான் செய்தது. மேடையில் நின்று சொல்ல வாய் வராது என்பதால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அந்தத் தப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்ட மூன்று பேரைப் பற்றி நல்லபடியாக நினைத்தால் போதும்.

நம்முடைய வேலை என்ன என்பதை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. கரி எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகிப் புகையோடு போகிறது. அதைப் புகைபோக்கிக்குப் போகவிடாமல் பிடிக்கத்தான் அந்த உயரமான கோபுரம். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துத் தண்ணீரில் கலந்த பாலை, பம்புகள் மேலே ஏற்றி உள்ளே மழையாகப் பெய்ய வைக்கின்றன. கந்தகம் அந்த மழையில் மாட்டிக்கொண்டு ஜிப்சமாகி அடியில் விழுகிறது. மிச்சம் எவ்வளவு வெளியே போகிறது என்பதை மீட்டர் சொல்கிறது. அந்த எண் நம் திரையிலும் தெரியும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் திரையிலும் அதே நேரத்தில் தெரியும்.

நான் பேட்டைக்காரன். தொழிற்பேட்டைப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். எந்த இயந்திரம் உடம்பு சரியில்லாமல் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. முப்பது வருஷம் அந்த மிதப்பு எனக்குச் சோறும் போட்டது, பெயரும் வாங்கித் தந்தது. கோபுரம் வந்ததும் அதன் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்த நேரம் அது. மீட்டருக்குச் சத்தம் கிடையாது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மீட்டரைக் கவனித்துக்கொண்டவன் சுடலைமுத்து. ஒப்பந்தத் தொழிலாளி. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். புகைபோக்கியிலிருந்து புகையைக் கொஞ்சம் உறிஞ்சி, ஒரு நீளமான குழாய் வழியாகக் கீழே இருக்கும் மீட்டர் அறைக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் குழாய் மின்சாரச் சூட்டில் எப்போதும் சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிப்போனால் உள்ளே நீர் கோக்கும். காப்பியில் சர்க்கரை கரைவது போல கந்தகப் புகை அந்த நீரில் கரைந்து வடிகாலில் போய்விடும். மீட்டருக்கு வந்து சேர்வது சுத்தமான காற்றாகத் தெரியும். அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் குழாயைத் தொட்டுப் பார்த்து, ஒரு தாளில் 'சூடு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது சுடலையின் வேலை.

அந்த வருஷம், குலசை என்று எல்லோரும் சொல்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு அவன் மாலை போட்டிருந்தான். மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய் வந்திருக்கிறது. மூன்று வருஷம் காளி வேசம் கட்டுவதாக முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டான். அது மூன்றாவது வருஷம். கொடியேறும் நாளிலிருந்து சூரசம்ஹாரம் முடியும் வரை லீவு கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் வேறு ஆளை ஒப்பந்தக்காரர் அனுப்ப வேண்டும். அந்த ஆள் வரவில்லை.

கிளம்ப வேண்டிய அன்று செவ்வாடையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"ஆள் வரல சார். நான் போகல."

"விரதமிருந்துட்டுப் போகாம இருப்பியால? போயிட்டு வா. குழாயை நான் பாத்துக்கிடுதேன்."

"தாள்ல கையெழுத்து இல்லன்னா எங்க கம்பெனியில கேப்பாங்க சார். ஆளு இல்லாம லீவுல போனேன்னு ஆயிரும்."

அதற்கும் நான்தான் வழி சொன்னேன். அடுத்த பத்து நாளுக்கும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பேனாவைக் கையில் வாங்கியவன் போடாமல் நின்றான்.

"பாக்காததுக்கு எப்படி சார் போட?"

"நான் பாப்பேம்லா. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

அப்படிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? போட்டான். ஐந்து தேதி, ஐந்து கையெழுத்து. பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு நான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். ஒருவனை அவன் சாமியிடம் அனுப்பிவைத்திருக்கிறோம் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

கொடியேறி மூன்றாம் நாள் நல்ல மழை. குழாயின் கீழ்ப் பாதிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி புகைபோக்கியின் நடுமேடையில் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் இறங்கி மின்னிணைப்பு நின்றுவிட்டது. இது எங்களுக்கு அப்போது தெரியாது. சூட்டைக் காட்டும் எண் குழாயின் மேல் பாதிக்கு மட்டும்தான். அது சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதி ஆறிப்போனது. அதைக் கண்டுபிடிக்க மேடை ஏற வேண்டியதுகூட இல்லை. மீட்டர் அறைக்குப் பின்னால் போய்க் கையை வைத்தால் இரண்டு நிமிஷ வேலை.

மறுநாள் சாயங்காலம் சுடலை போன் பண்ணினான். பின்னால் மேளமும் கூட்டமுமாக ஒரே இரைச்சல்.

"சார், மழை ரொம்பவாமே அங்கன? குழாயைத் தொட்டுப் பாத்தியளா?"

"பாத்தேன், பாத்தேன். சூடாத்தான் இருக்கு. நீ சாமியைப் பாரு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக வந்தது. மறுநாள் பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு அடுத்த நாளும் ஏதோ ஒன்று வந்தது.

இதற்கிடையில் திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. எண் அளவுக்கு மேல் போனால் கட்டுப்பாட்டு அறையில் மணி அலறும். எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். குறைந்தால் எந்த மணியும் அடிக்காது. நான் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எண்ணைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டேன். மழைக்காற்று, கரியின் தரம், கோபுரத்தில் நாங்கள் மாற்றிய தெளிப்பான்கள் என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஓடிக்கொண்டிருந்த மூன்று பம்பில் ஒன்றை நிறுத்தச் சொன்னேன். எண் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்றையும் நிறுத்தினேன். அப்போதும் ஏறவில்லை. எத்தனை மின்சாரம் மிச்சம் என்று காலைக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அன்று மத்தியானமே, நமக்கு மேற்கே இருக்கிற கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை போன் பண்ணினார். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஊருக்குள் திரும்பும் நேரம்.

"சார், ரெண்டு மூணு நாளா மத்தியானம் ஆனா பிள்ளைக இருமிக்கிட்டே இருக்கு. கண்ணைக் கசக்குது. ஒங்க புகையா என்னன்னு கொஞ்சம் பாருங்க."

"டீச்சர், எங்க மீட்டர் இப்ப காட்டுற மாதிரி என்னைக்குமே சுத்தமாக் காட்டினதில்ல. மழைக்குச் சளி பிடிச்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"மீட்டர் சரிதான்னா சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் எழுந்து ஜன்னலைத் திறந்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

முதலில் என்னை உலுக்கியவர் ஒரு லாரி அண்ணாச்சி. தாழையூத்துப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வருவார். இங்கே இறக்கிவிட்டு, அதே வண்டியில் ஜிப்சம் ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு மாலை போடலையா?"

"வண்டி சும்மா நிக்கி சார். மாலை போட்டா என்ன, போடாட்டா என்ன. ரெண்டு நாளா ஏத்துறதுக்குச் சரக்கு இல்லங்காங்க. களத்துல ஜிப்சம் ஒரு மூலையில கிடக்கு, அம்புட்டுத்தான். கரி எரியிறது குறைஞ்சு போச்சா?"

"குறையலையே. முழுசாத்தான் ஓடுது."

"பெறகு எங்கன போகுது சார் எல்லாம்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வண்டி வெறுமனே திரும்ப வேண்டியிருக்கிறதே என்ற கவலை அவருக்கு. "லீவு முடிஞ்சதும் வாங்க அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஆயுதபூஜை. நம் நிலையத்தில் அன்று எப்படி இருக்கும் என்று நீங்களும் பார்ப்பீர்கள். டர்பைனிலிருந்து கேன்டீன் அரவை இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மீட்டர்ப் பெட்டிக்கும் நானே மூன்று இடத்தில் சந்தனம் வைத்துச் சூடம் காட்டினேன். பொரிகடலை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால், ஆய்வகத்தின் பொறுப்பாளர் அம்மா கையில் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

இவர் பெயரை நான் எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் வீண் சொல் ஒன்று இருக்காது. எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

"சார், கொஞ்சம் ஆய்வகத்துக்கு வாங்க."

போனேன். தாளை மேசையில் விரித்தார்.

"கரியில கந்தகம் போன வாரத்தைவிடக் கூடத்தான் இருக்கு. கரி எரியிறது அதே அளவு. ஜிப்சம் பாதிகூட வரல. ஆனா ஒங்க மீட்டர் புகை சுத்தமா இருக்குங்குது. உள்ள போன கந்தகம் ஜிப்சத்துலயும் இல்ல, புகையிலயும் இல்லன்னா எங்க சார் இருக்கு?"

முந்தின நாள் அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி. எழுந்து மீட்டர் அறைக்குப் பின்னால் போனேன். அவரும் வந்தார். குழாய் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அறைக்குள்ளே வடிகால் பாட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பெட்டியில் நான் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். பத்து நிமிஷத்துக்குள் என் மனதில் ஒரு திட்டம் வந்துவிட்டது. நிறுத்திய இரண்டு பம்பையும் உடனே ஓடவிடுவது. குழாயை மட்டும் இப்போது தொடாமல் விட்டுவிடுவது. ஐந்தாறு மணி நேரத்தில் உண்மையான புகை அடங்கிவிடும். அதற்குப் பிறகு குழாயைச் சூடாக்கினால் திரையில் எண் கொஞ்சமாக ஏறி, ஒழுங்கான அளவில் நின்றுவிடும். வாரியத்தின் திரையில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இத்தனை நாள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. தொழில் தெரிந்தவனுக்குத்தான் இப்படி ஒரு திட்டம் வரும். முப்பது வருஷ அனுபவம் எனக்கு அன்றைக்கு அதற்குத்தான் பயன்பட்டது.

"மேடம், முதல்ல பம்பை ஓட்டுவோம். குழாயைச் சாயங்காலமாப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது எனக்கும் புரிந்தது.

"பம்பையும் இப்பமே போடுங்க. குழாயையும் இப்பமே சரிபண்ணச் சொல்லுங்க. எது முதல்ல முடியுதோ முடியட்டும் சார்."

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். பம்ப் போடச் சொன்னதும் ஷிப்டில் இருந்த பையன், "மீட்டர் கம்மியாத்தான சார் காட்டுது, எதுக்கு?" என்று கேட்டான். "மீட்டரைப் பார்க்காத, போடு" என்றேன். ஒரு எலக்ட்ரீசியன் நடுமேடைக்கு ஏறிப் பெட்டியைத் துடைத்து இணைப்பைக் கொடுத்தார். குழாய்தான் முதலில் முடிந்தது. சூடு ஏற ஏற, திரையில் கோடு சுவர் மாதிரி நிமிர்ந்தது. ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த மணி அலறத் தொடங்கியது. பூஜைக்கு வேட்டி கட்டி வந்திருந்தவர்கள் எல்லாம் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவாசித்தது இந்த எண்ணைத்தான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

கோடு இறங்குவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விஜயதசமி லீவு. அதற்கு அடுத்த நாள் காலையில் தலைமைப் பொறியாளர் அறையில் கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஆய்வக அம்மா என் அறைக்கு வந்தார். அந்தக் கையெழுத்துத் தாளை என் மேசையில் வைத்தார்.

"இதுல எல்லாத் தேதிக்கும் சுடலை கையெழுத்து இருக்கு. அவன் குலசைக்குப் போயிட்டாம்லா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்க நிய்யத்து, மனசுல வச்ச எண்ணம், நல்லதாத்தான் இருந்திருக்கும். இல்லன்னு சொல்லல. கூட்டத்துல நான் கணக்கை மட்டுந்தான் சொல்லுவேன். இதைப் பத்தி நான் பேச மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நினைத்திருந்தால் அந்தத் தாளைத் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நான் மாட்டிக்கொண்டவன் ஆகியிருப்பேன். நானே சொல்வதற்கு ஒன்றரை நாள் அவகாசம் தந்தார் அவர். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கொடை அது. வாங்கும்போது அது கொடையாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் ஆறேழு பேர் இருந்தோம். ஆய்வக அம்மா கணக்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மீட்டர் பிரிவின் அதிகாரி தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒண்ணும் சிக்கல் இல்ல சார். குழாய் சூடா இருக்குன்னு இந்த ஆள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். பொய்க் கையெழுத்து. ஒப்பந்த ஆள்தான். நிறுத்திரச் சொல்லி அவங்க கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டா முடிஞ்சுது. வாரியத்துக்கும் அதையே எழுதிரலாம்."

எல்லோரும் தலையசைத்தார்கள். தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வர வேண்டியது. சுடலைக்கு இரண்டு பிள்ளைகள். இந்த இரண்டு நினைப்பும் என் மனதில் வந்தன. முதலில் வந்தது பதவி உயர்வுதான். இதைப் பொய்யாகச் சொன்னால் இவ்வளவு எழுதியதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

"அந்தக் கையெழுத்தைப் போடச் சொன்னது நான் சார்" என்றேன். "அவன் மாட்டேன்னுதான் நின்னான். நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். பாக்கல. நடுவுல போன் பண்ணிக் கேட்டான். பாத்தேன்னு பொய் சொன்னேன்."

தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தத்தான் செய்தார், நன்றாக. அதை இங்கே எழுத முடியாது. கத்தி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இத்தனை நாள் நாங்கள் அனுப்பிய எண்கள் தவறானவை, பம்புகள் நிறுத்தப்பட்டிருந்தன, கவனிக்காதது எங்கள் பொறியாளர்களின் குற்றம் என்று வாரியத்துக்கு அவர் கைப்படவே எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கீழே தானும் போட்டார். "பாராட்டினது நான்தானே, எனக்கும் பங்கு உண்டு" என்றார்.

பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. எனக்கு வருத்தமே இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆய்வக அம்மாவோடு உட்பட. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் தினமும் காலையில் கந்தகக் கணக்கை என் மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். உள்ளே போனது, ஜிப்சமாக விழுந்தது, வெளியே போனது, மூன்றும் ஒரே தாளில். இன்று உங்கள் கட்டுப்பாட்டு அறையில் சுவரில் தொங்குகிற அந்தப் பலகை அப்படி வந்ததுதான். எண் காரணமில்லாமல் குறைந்தாலும் இப்போது மணி அடிக்கிறதே, அதுவும் அந்த வருஷம் வைத்ததுதான். விதிகள் மாறும். இந்தக் கோபுரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று மேலே இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இருக்கிற இடத்தில் அதை ஒழுங்காக ஓட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு நானே நேரில் போனேன். புகை எங்களுடையதுதான் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. "இனிமே போன் பண்ணினா வெளிய வந்து பாப்பியளா?" என்று மட்டும் கேட்டார். பார்ப்பேன் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் எப்போது கூப்பிட்டாலும் வெளியே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

அதைவிடக் கஷ்டமானது ஒன்று பாக்கி இருந்தது. கூட்டம் நடந்ததற்கு மறுநாள் சுடலை வேலைக்கு வந்தான். காப்புக் கழற்றி, முகத்தில் வேசத்துச் சிவப்பு இன்னும் முழுசாகப் போகாமல் இருந்தான். எனக்கென்று திருநீறும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தான். அவனை மீட்டர் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவன் குழாய் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"நான் அன்னைக்கு வேசத்தோடதான் சார் பேசினேன். கிரீடத்தைக் கழத்தாம, போனைச் சடைக்குள்ள விட்டுப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். வேசத்துல இருக்கும்போது ஊர்ல பெரியவங்ககூட எங்களை அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. எங்ககிட்ட பொய் சொல்ல மாட்டாங்க. அதான் நீங்க சொன்னதும் நிம்மதியா இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல சார், விடுங்க. ஒண்ணு மட்டும் கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. இனிமே இப்படிக் கையெழுத்துப் போடச் சொன்னா நான் மாட்டேன்னு சொல்லிக்கிடட்டுமா?"

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு ஒருவன் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த நிலைமையை உண்டாக்கியவன் நான். "சொல்லு" என்றேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் கடைசி வேலைநாள். அன்றும் மழை. பொறுப்பை ஒப்படைக்கும் தாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது, நடுமேடைப் பெட்டியை ஏறிப் பார்த்ததற்கான கையெழுத்து மட்டும் பாக்கி. மேலே அரங்கத்தில் எனக்குப் பிரிவுபசார விழா. மாலையும் ஆட்களும் காத்திருந்தார்கள். இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டாயிற்று. நான் அவசரத்தில் தாளைச் சுடலையிடம் நீட்டினேன்.

"போட்டுருப்பா. நேத்துதான பாத்த. மழை விட்டதும் ஏறிப் பாத்துக்கிடலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் தாளை வாங்கவில்லை.

"மாட்டேன் சார்" என்றான்.

முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடியை ஒரு தரம் துணியால் துடைத்துவிட்டு, மழைக்குள் பைய ஏறத் தொடங்கினான். அரங்கத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்து, "சார், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். சுடலை இறங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவன் இறங்கி வருகிறவரைக்கும் குடை இல்லாமல் கீழேயே நின்றேன்.